டிராக்டருக்கு ஒரு வாடகை ரூம்

"மாடி ரூமை வாடகைக்கு வுடப் போறேன்யா."

கனகம் இதைச் சொன்னப்போ நான் இட்லியைச் சட்னியில தோய்ச்சிக்கினு இருந்தேன். தோய்ச்ச இட்லி வாய்க்கு வரவே இல்லை. கனகம் என் பொண்டாட்டி. அவ "வுடலாமா"ன்னு கேட்டா பேசிப் பார்க்கலாம். "வுடப் போறேன்"னு சொன்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

"அந்த ரூம்ல என் டிராக்டருங்க கீதே?"

"டிராக்டரு வாடகை குடுக்குமா?"

குடுக்காதுதான். நெசமான டிராக்டரே குடுக்காது. என்னுது முழங்கை நீளம் கூட இல்லை.

என் பேரு நடேசன். இருங்காட்டுக்கோட்டையில கார் கம்பெனியில வேலை. லைன்ல வர்ற காருக்கெல்லாம் பின் சீட்டு மாட்டணும். நாள் பூரா சீட்டு. வூட்டுக்கு வந்தா டிராக்டர். அந்தக் காலத்து டிராக்டர் எல்லாத்தையும் படத்துல பார்த்து அச்சு அசலா சின்னதாச் செய்வேன். பால் பவுடர் டப்பா தகரத்துல மூஞ்சி. சைக்கிள் கம்பியில அச்சு. பேனா மூடியில சைலன்சர். கலப்பை, டிரெய்லர், ஆயில் இன்ஜின், நீராவியில ஓடின கிழட்டு டிராக்டர்னு மாடி ரூம்ல ஷெல்ப் ஷெல்பா நிக்குது. எங்கப்பா ஆயுசு பூரா வாடகை டிராக்டருக்குக் காத்துக் கிடந்து உழுதவரு. அவரு புள்ளைகிட்ட இன்னைக்கு டிராக்டர் கொட்டிக் கிடக்குது. உழத்தான் நிலம் இல்லை.

அப்போ கை வெச்சிருந்தது ஒரு கதிரடிக்கிற மெஷின். பழைய வாட்ச் வாரை அறுத்து பெல்ட் பண்ணியிருந்தேன். உருளை, சல்லடை, சக்கரம்னு மேஜை பூரா உதிரி பாகம். ஒரு துண்டு இடம் மாறினாலும் எது எங்க போவும்னு எனக்கே தெரியாது. இந்த நேரத்துல காலி பண்ணுன்னா?

"காலி பண்ணி எங்க வெக்கறது கனகம்?"

"எங்க அண்ணன் புள்ளைங்களுக்குக் குடுத்துடு. அதுங்க ஆசையா வெச்சி ஆடும்."

அவ அண்ணன் புள்ளைங்களை உங்களுக்குத் தெரியாது. போன பொங்கலுக்கு வந்து எங்க மிக்சியைக் கழட்டிப் பார்த்துச்சுங்க. மிக்சி இன்னும் மிக்சி ஆகலை. அதுங்க கையில என் கதிரடிக்கிற மெஷினான்னு நினைச்சதும் எனக்கு வேர்த்து ஊத்திச்சு.

ஆனா கனகம் பக்கமும் நியாயம் கீது. எங்க தெருவுல வூட்டுக்கு வூடு ரூம் கட்டி தெக்கத்திப் பசங்களுக்கு வுடறாங்க. எதிர் வூட்டு காவேரி விறகு போட்டு வெச்ச ரூமுக்கே சுண்ணாம்பு அடிச்சி ஆள் புடிச்சிட்டா. எங்க வூட்ல மட்டும் தகரம் குடியிருந்தா அவளுக்கு வயிறு எரியுமா எரியாதா?

அன்னைக்கு லைன்ல சீட்டு மாட்டிக்கினே யோசிச்சேன். பளிச்சுன்னு ஒரு ஐடியா. கனகத்துக்கு வேண்டியது ஒரு குடித்தனக்காரன். எனக்கு வேண்டியது ரூம். குடித்தனக்காரன் இருப்பான். ரூம்ல இருக்க மாட்டான்.

எனக்குப் பக்கத்துல நட்டு முறுக்கறவன் சுடலைக்கண்ணு. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். மண்ணூர்ல கூட்டாளிங்களோட தங்கியிருக்கான். அவனைக் கூப்பிட்டேன்.

"டேய், நீ எங்க வூட்டுக்குக் குடிவரணும்."

"சந்தோசம் அண்ணாச்சி. என்னைக்கு வரணும்?"

"வரக் கூடாது."

அவன் நட்டைக் கீழ போட்டுட்டான்.

"ஒரே ஒரு தடவை வந்து மூஞ்சியைக் காட்டு. ராத்திரி ஷிப்ட்டுன்னு சொல்லு. அப்புறம் அந்தப் பக்கமே வராத. வாடகையை என் ஓவர்டைம் காசுல நான் உங்கிட்ட குடுப்பேன். நீ எங்க வூட்டம்மாவுக்குப் போன்ல அனுப்பிடு."

"அப்பம் ரூம்ல யாரு இருப்பா?"

"டிராக்டரு."

அவன் குனிஞ்சி நட்டைப் பொறுக்கினான். "அண்ணாச்சி, பொம்பளையாளுவகிட்ட இந்தச் சோலியெல்லாம் நடக்காது. எங்கய்யா எங்கம்மைகிட்ட படாத பாடா?"

"உங்க வூட்ல நடக்காது. எங்க வூட்ல நடக்கும்"னு மார்தட்டிச் சொன்னேன். சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்ததால மெதுவாத்தான் தட்டினேன்.

ஞாயித்துக்கிழமை வந்தான். ஒரு பை, ஒரு வாளி, ஒரு லுங்கி, ஒரு ஜோடி செருப்பு. எல்லாம் நான் வாங்கிக் குடுத்தது. டிராக்டரை எல்லாம் மறைமலை நகர்ல என் கூட்டாளி பலராமன் வூட்டுக்கு அனுப்பிட்டதா முந்தின நாளே கனகத்துகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். அவ மேல ஏறிப் பார்க்க மாட்டா. அவளுக்கு முட்டிவலி. என் திட்டத்துக்கு அஸ்திவாரமே அந்த முட்டிதான்.

"தம்பி, சத்தம் கித்தம் இருக்கக்கூடாது"ன்னா கனகம்.

"நான் இருக்கதே தெரியாதுக்கா"ன்னான் சுடலைக்கண்ணு. அவன் பொய்யே பேச மாட்டான்.

"இன்னொண்ணு. குடியிருக்கிற ரூம்ல வூட்டுக்காரங்க காலு வெக்கக் கூடாது. எங்க வூட்டுக்காரரு வந்து கதவைத் தட்டினாலும் நீ தொறக்காத."

"நான் எங்கக்கா தொறக்கப் போறேன்?"

நான் செருமி, பையை மாடியில வெக்கச் சொல்லிட்டு, ஷிப்ட்டுக்கு நேரமாச்சுன்னு அவனை அனுப்பி வெச்சேன். ஜெயிச்சிட்டோம்னு அன்னைக்கு ராஜா மாதிரி தூங்கினேன். அதான் நான் கடைசியா நிம்மதியாத் தூங்கினது.

இல்லாத ஒருத்தனை உசுரோட வெச்சிருக்கிறது சாதாரண வேலையில்லைங்க. தினம் அவன் லுங்கியை நனைச்சிக் கொடியில போடணும். செருப்பைக் காலையில வாசப்படியில வெக்கணும், சாயங்காலம் எடுத்து ஒளிக்கணும். இதுக்கெல்லாம் மாடி ஏற ஒரு காரணம் வேணுமே? டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு மொட்டை மாடியில வாக்கிங் ஆரம்பிச்சேன். ரூமுக்குள்ள உக்காந்து சக்கரம் தேய்ச்சிக்கினு இருந்தா கீழேர்ந்து குரல் வரும்.

"இன்னாயா, நடக்கிற சத்தமே காணோம்?"

"செருப்பு போடலை!"

"இருமற சத்தமாவது கேக்கணுமே?"

இருமினேன். பெயின்ட் வாசனையில அது தானாவே வந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சி ஒரு டப்பாவைக் கையில திணிச்சா. "பாவம், ஊரை வுட்டு வந்த புள்ள. காரக்குழம்பு சோறு. கதவாண்ட வெச்சிட்டு வா." நான் அப்பத்தான் வயிறு முட்டத் தின்னு முடிச்சிருந்தேன். இருந்தாலும் சோறு மிஞ்சினா சந்தேகம் வருமே? கத்திரிக்காயை மட்டும் ஒதுக்கி மூடியில வெச்சிட்டு மிச்சத்தை முழுங்கினேன். மூச்சு வுட முடியலை.

அதுக்கப்புறம்தான் வேலை ஆரம்பிச்சுது.

"அந்தப் பையனைப் பார்த்தா சொல்லு. விடியக்காலையில வந்ததும் மோட்டார் போட்டுட்டுப் படுக்கச் சொல்லு. டேங்க் ரொம்பினதும் நிறுத்தணும்."

"குடித்தனக்காரன் எதுக்கு கனகம் மோட்டார் போடணும்?"

"முடியாதுன்னா காலி பண்ணச் சொல்லு. வேற ஆளு ரெடியாக் கீது."

காலின்னு கேட்டதும் என் கண்ணு முன்னாடி அவ அண்ணன் புள்ளைங்க ஸ்க்ரூடிரைவரோட வந்து நின்னுச்சுங்க. மறுநாள் விடியக்காலையில சுடலைக்கண்ணு மோட்டார் போட்டான். அதாவது நான் பூனை மாதிரி எழுந்து போய்ப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை படி கழுவணும்னா. கழுவினான். கேஸ் சிலிண்டரைத் தெருமுனையிலேர்ந்து தூக்கியாரணும்னா. தூக்கினான். இடுப்பு புடிச்சிக்கிச்சு, அவனுக்கில்லை. மிளகாயை மிஷின்ல அரைச்சிட்டு வரச் சொன்னா. தும்மித் தும்மி அரைச்சிட்டு வந்தான். ஒரு லீவு நாள்ல என்னை வுட்டு மாடியில வத்தல் காயப்போட்டு, "காக்கா வராம அந்தப் பையனைப் பார்த்துக்கச் சொல்லு"ன்னுட்டா. நான் ஓவர்டைமுக்குப் போறதாச் சொல்லிட்டு, பின்பக்கமாச் சுத்தி வந்து மாடி ஏறி, வெயில்ல குந்திக்கினு காக்கா ஓட்டினேன். சத்தம் போட்டு ஓட்ட முடியாது, குரல் தெரிஞ்சிடும். வாயை மூடிக்கினு கையை மட்டும் ஆட்டினேன். காக்காவே என்னை விசித்திரமாப் பார்த்துச்சு.

இதுல கூத்து இன்னான்னா, சுடலைக்கண்ணு மேல எனக்கே பொறாமை வந்துடுச்சு. எதிர் வூட்டு காவேரிகிட்ட கனகம் சொல்றா, என் காதுபட:

"புள்ளைன்னா அது புள்ள காவேரி. ஒரு வேலை சொன்னா மறு வார்த்தை கிடையாது. இதோ கீறாரே எங்க வூட்டுக்காரரு, ஒரு துரும்பைத் தூக்கிப் போட்டிருப்பாரா?"

"குடுத்து வெச்சவக்கா நீ"ன்னா காவேரி.

அந்தத் துரும்பைத் தூக்கினதே நான்தான்னு கத்தணும் போல வாய் வரைக்கும் வந்துச்சு. காவேரி என்னைப் பார்த்து உச்சு கொட்டினா. நான் வாயை மூடிக்கினு இடுப்பைத் தேய்ச்சிக்கினேன்.

நடுவுல ஒரு நாள் கதிரடிக்கிற மெஷினோட சின்னச் சக்கரம் ஒண்ணு காணாப் போச்சு. அது இல்லைன்னா பெல்ட் ஓடாது. தரையெல்லாம் தடவிப் பார்த்தேன். கிடைக்கலை. அழுகையே வந்துடுச்சு. மறுநாள் சாயங்காலம் போறேன், மேஜை நடுவுல ஒரு மூடிக்குள்ள பத்திரமா உக்காந்திருக்குது அந்தச் சக்கரம்! சுடலைக்கண்ணு நெசமாவே இந்த ரூம்ல குடியிருக்கிறானோன்னு ஒரு நிமிஷம் கட்டிலுக்கு அடியில குனிஞ்சி பார்த்தேன். அப்புறம் நான்தான் மறந்து வெச்சிருப்பேன்னு என்னையே தேத்திக்கினேன்.

மெஷின் முடியற நேரம். பெல்ட் மாட்டினா போதும். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கனகம் குண்டைத் தூக்கிப் போட்டா.

"அவ்ளோ பெரிய ரூம்ல ஒத்தைப் பையன் எதுக்கு? இன்னொருத்தனையும் சேர்த்துட்டேன். வனமாமலைன்னு பேரு. நாளைக்குக் காலையில கட்டிலு, பொட்டியோட வர்றான். நம்ம மேஜை ஏதோ மேல கீதாமே, அதை எங்க அண்ணன் வந்து எடுத்துக்கினு போவாரு."

"மேஜையா?"

"புள்ளைங்களையும் கூட்டிக்கினு வர்றாரு."

மாடிக்கு ஓடிப்போய் சுடலைக்கண்ணுவுக்குப் போன் போட்டேன். "டேய், எதாவது பண்ணுடா!"

"நான் என்ன அண்ணாச்சி செய்ய? நான்தான் அங்க இல்லியே? அக்காகிட்ட உள்ளதைச் சொல்லிருங்க, அதுதான் நல்லது."

போனை வெச்சிட்டு டிராக்டருங்களைப் பார்த்தேன். அத்தனையும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்துச்சு. எல்லாத்தையும் வுட்டுட்டு நான் மட்டும் தப்பிச்சி இன்னா பண்ணப் போறேன்? கீழ இறங்கினேன். கனகம் டீ குடிச்சிக்கினு இருந்தா.

"கனகம், மாடியில சுடலைக்கண்ணு இல்லை."

"ஷிப்ட்டுக்குப் போயிருப்பான்."

"எப்பவுமே இல்லை. டிராக்டருங்கதான் கீது. லுங்கி நனைச்சது, மோட்டார் போட்டது, படி கழுவினது, எல்லாம் நான்தான். அந்தச் சுடலைக்கண்ணே நான்தான் கனகம்!"

கனகம் இன்னொரு வாய் டீ குடிச்சா.

"தெரியும்."

"தெரியுமா! எப்பத்திலேர்ந்து?"

"காரக்குழம்பு குடுத்தனுப்பினேன் பாரு, அன்னையிலேர்ந்து. கத்திரிக்காயைப் பூராவும் பொறுக்கி மூடியில வட்டமா அடுக்கி வெச்சிருந்தான் அந்தப் பையன். இந்த ஒலகத்துல அப்படி அடுக்கற ஆளு ஒண்ணுதான். கல்யாணமான நாளாப் பார்த்துக்கினு வர்றேன். அப்புறம் லுங்கி பூரா பச்சை பெயின்ட்டு."

"மேல வந்து பார்த்தியா?"

"பார்க்காம? கட்டிலுக்கடியில கிடந்த உன் சக்கரத்தை எடுத்து மேஜை மேல வெச்சது யாரு, காக்காவா?"

"அப்போ முட்டிவலி?"

"அது வேலை செய்யறதுக்கு வலிக்கும். வேவு பார்க்கறதுக்கு வலிக்காது."

நான் பொத்துன்னு உக்காந்துட்டேன். "தெரிஞ்சப்புறம் ஏன்டி சொல்லலை?"

"சொல்லிட்டா மோட்டார் யாரு போடறது?"

எனக்கு மானம் போச்சு, ரோஷம் போச்சு. டிராக்டரையாவது காப்பாத்தணும். "கனகம், உன் காலுல வேணா வுழறேன். அந்த வனமாமலையை வர வேணாம்னு சொல்லு. உங்க அண்ணனையும்."

"எந்த வனமாமலை?"

"நாளைக்கு கட்டிலோட வர்றானே?"

"நீ ஒரு பையனை உண்டாக்கினா, நான் ஒரு பையனை உண்டாக்கக் கூடாதா? எங்க அண்ணனும் வரலை, ஆட்டுக்குட்டியும் வரலை. போய் உன் மெஷினுக்கு பெல்ட்டை மாட்டு. ஆசையாச் செஞ்சது, அதைக் கெடுப்பனா நானு?"

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இப்படி ஒரு பொண்டாட்டி யாருக்கு வாய்க்கும்? எழுந்து மாடிப்படிக்கு ஓடினேன்.

"யோவ், நில்லு. டிராக்டரு இருக்கணும்னா சுடலைக்கண்ணு இருக்கணும். வாடகையோட."

"சரி."

"வனமாமலையும் இருக்கணும்."

"அவன் எதுக்கு?"

"பாத்திரம் யாரு தேய்ப்பா?"

கதிரடிக்கிற மெஷின் இப்போ சூப்பரா ஓடுது. சுடலைக்கண்ணு மோட்டார் போடறான், படி கழுவறான். வனமாமலை பாத்திரம் தேய்க்கிறான், துணி மடிக்கிறான். "ரெண்டு பசங்களும் தங்கம் காவேரி. எங்க வூட்டுக்காரருதான் எப்பவும் போல சும்மாவே குந்திக்கினு கீறாரு"ன்னு கனகம் தெரு பூரா சொல்லிக்கினு கீறா.