நாற்பத்து நான்காவது வடிகால்

சொந்த வீட்டு சிங்க் ஆறு மாதமாக அடைத்துக் கிடக்க, ஊர் வடிகாலுக்கெல்லாம் தத்துப் பெற்றோர் தேடி அலைந்த மனிதரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தெருவில் இருந்தார். அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை. தெரு அவருக்கு வைத்த பெயர் பொதுநலம்.

மழை வந்தால் வடிகால் கம்பிகளில் இலை அடைத்து, தெரு குளமாகிவிடும். நகராட்சியில் ஆள் பற்றாக்குறை. பொதுநலம் சம்பளமில்லாமல் ஒரு ஆப் செய்தார். ஊரின் வடிகால் ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு புள்ளி. யார் வேண்டுமானாலும் ஒன்றைத் தத்தெடுக்கலாம். இலையை அள்ளிவிட்டுப் படம் போட்டால் புள்ளி பச்சை. போடாவிட்டால் சிவப்பு. எதிர்வீட்டுத் தையல்காரரும் அவருமாக வெயிலில் நடந்து, முதலில் எங்கள் பகுதியின் நாற்பத்து மூன்று வடிகால்களை எண்ணி முடித்தார்கள்.

"ஏங்க, இன்னைக்காவது அந்த சிங்க்கைப் பாருங்களேன்." மனைவி இடுப்பில் குழந்தையோடும் கையில் எண்ணெய்ச் சட்டியோடும் குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவ.

"ஊரே மிதக்குதும்மா! சிங்க் ஒரு பிரச்சனையா?"

"நம்ம கரண்டியும்தான் மிதக்குது. சரி, அது என்னங்க ஆப்பு? சொல்லுங்க, கேட்போம்."

ஆறு மாதத்தில் அவள் கேட்ட முதல் நல்ல கேள்வி. பொதுநலம் பூரித்துப்போனார்.

"விட்டுப்போன வடிகால் ஏதாவது இருந்தா?"

"யார் வேணும்னாலும் படம் எடுத்துச் சேர்க்கலாம். பக்கத்துல இருக்கற தொண்டர் தலையில தானா விழும்."

"அவர் முடியாதுன்னா?"

"இன்னொருத்தர் தத்தெடுத்தாத்தான் விடுதலை! அழிக்கற பட்டனே வைக்கலை. ஆம்பளைங்க நழுவறது எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்!" என்று மெச்சிவிட்டு அவள் சட்டியைத் தேய்க்கப் போனாள்.

சனிக்கிழமை காலை நகராட்சிக் கூடம். ஆணையர் அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பெரிய திரையைப் பார்த்தார். அவர் கையெழுத்துப் போட்டால் ஆப் ஊர் முழுக்க நடைமுறைக்கு வரும். பொதுநலத்தின் எட்டு மாத உழைப்பு அந்த ஒரு கையெழுத்தில் தொங்கியது.

அழிக்கும் பட்டனே இல்லை என்பது வரை பொதுநலம் பெருமையாக விளக்கி முடித்தார். நாற்பத்து மூன்றும் பச்சை. சபை கைதட்டியது.

"அது என்ன சார், ஒண்ணு மட்டும் சிவப்பா மின்னுது? ஒரு வீட்டுக்குள்ள வேற இருக்கு?"

கேட்ட ஆணையர் அம்மாவே அந்தப் புள்ளியைத் தொட்டார். கறுப்புத் தண்ணீர் நிறைந்த சிங்க் சுவர் அளவுக்கு விரிந்தது. நடுவில் கரண்டி. கீழே: 'எண் 44. அடைப்பு: ஆறு மாதம். பொறுப்பாளர்:' பக்கத்தில் கைகட்டிச் சிரிக்கும் பொதுநலத்தின் படம்.

சபை இந்த முறை இன்னும் பலமாகக் கைதட்டியது.

"அதை அழிச்சிடலாமா மேடம்?"

"அழிக்கவே முடியாதுன்னு இப்பதானே பெருமையாச் சொன்னீங்க? அஞ்சு மணிக்குள்ள பச்சையாகட்டும். கையெழுத்துப் போடறேன்."

பொதுநலம் வராந்தாவுக்கு ஓடிப்போய் வீட்டுக்கு போன் போட்டார்.

"ஏம்மா, இப்படி மானத்தை வாங்கிட்டியே!"

"நீங்க போட்ட சட்டம்தானேங்க. பழைய சட்டை, பக்கெட், ஸ்பேனர் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். குழாய் ரிப்பேர்க்காரரைக் கூப்பிடாதீங்க, பொறுப்பாளர் கையால அள்ளற மாதிரி படம் வேணுமாம். உங்க ஆப்புதான் கேக்குது."

ஒரே வழிதான் பாக்கி. தையல்காரர் வீட்டுக்கு ஓட்டமாக ஓடினார். கதவு திறந்தே கிடந்தது.

"அண்ணே! அண்ணே! எங்க சிங்க்கை நீங்க தத்தெடுத்துக்கோங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

தையல்காரர் குளியலறையிலிருந்து வெளியே வந்தார். வேட்டி முழங்காலுக்கு மேல். கையில் பிரஷ். மூக்கில் கர்ச்சீப்.

"உங்க வீட்டம்மா கொஞ்சம் முன்னாடிதான் வந்து என் சம்சாரத்துக்கும் ஆப் சொல்லிக்கொடுத்துட்டுப் போயிட்டாங்க தம்பி. நாப்பத்தஞ்சாம் நம்பர் இதுதான். நீங்க கொஞ்சம் தத்தெடுத்துக்கோங்களேன்?"