கீழ்வேளூரில் மீதிச் சில்லறை கேட்ட கதை

திட்டம் போட்டுப் பயணம் போகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் கட்சி. திட்டம் இல்லாதவர்கள் எதையும் யாரிடமாவது கேட்டுவிட்டுச் செய்கிறார்கள்.

பாலிடெக்னிக்கில் சிவில் முடித்ததும், வாய்க்கால் மதகுகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலை கிடைத்தது. அப்பாவுக்கு இஷ்டமில்லை. "ஒரு தடவை தனியாப் போய்ட்டு, எந்த வம்பும் இல்லாம வா. அப்புறம் வேலையப் பத்திப் பேசலாம்" என்றார்.

அந்த ஒரு தடவைதான் கீழ்வேளூர். பஸ் காசைக் குடைக்குள் ஒளித்தேன் (மழை வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை). சாப்பாட்டுக்கு ஒரு பத்து ரூபாய்த் தாள் ரவிக்கைப் பையில். எங்கே சாப்பிடுவது என்பதற்கும் விதிகள் வைத்திருந்தேன்: கூட்டம் இருக்க வேண்டும், சோற்றில் ஆவி பறக்க வேண்டும், பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அறுவடைக் கூலித் தகராறு முற்றியிருந்த நேரம். ஊரில் கடையடைப்பு. மதகு வேலையை முடித்துவிட்டுப் பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தபோது, ஒரு கொட்டகை தெரிந்தது. சுற்றிலும் கட்சிக் கொடிகள். ஒலிபெருக்கியில் ஒருவர் நெல் விலையைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். மேளம் இல்லை, ஐயர் இல்லை. கட்சிக் கூட்டம் என்று முடிவு செய்தேன். (மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த இருவரை மாவட்ட நிர்வாகிகள் என்று எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாள் ஏன் தலையை நிமிர்த்தவே இல்லை என்று மட்டும் லேசாகத் தோன்றியது.)

பக்கத்துப் பந்தலில் பந்தி. என் விதிகள் அனைத்தும் பொருந்தின. கூட்டத்துக்காகப் போட்ட சாப்பாட்டுக் கடை என்று நினைத்து உட்கார்ந்தேன்.

"அளவுச் சாப்பாடா?" என்று பரிமாறியவரைக் கேட்டேன்.

"அளவெல்லாம் கெடையாதும்மா, நல்லாச் சாப்பிடுங்க."

நன்றாகவே சாப்பிட்டேன். மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த வேட்டிக்காரரைக் கூப்பிட்டு, ரசம் ஆறிவிட்டது என்று புகார் சொன்னேன். அவர் பதறிப்போய்ச் சூடாகக் கொண்டுவரச் சொன்னார். நல்ல முதலாளி என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் மேசை, தட்டு நிறைய ரூபாய், எழுத ஒருவர். ஊர், பேர், அப்பா பேர் எல்லாம் கேட்டார். ஆபீசுக்கு ரசீது காட்ட வசதி என்று ஒழுங்காகச் சொன்னேன். பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டியபடியே நின்றேன்.

"என்னம்மா?"

"மீதி?"

அவர் பேனாவை மூடினார். "மொய்யில மீதியா? நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"நான் கஸ்டமர்" என்றேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. ரச முதலாளி ஓடிவந்தார். அவர்தான் பெண்ணின் அப்பா. "எழுதுன மொய்யத் திருப்பப்படாதும்மா" என்று அவரும் சிரித்தார். "ரோட்டுல மறியல், பஸ் வராது. மாப்பிள்ளை வீட்டு வேன் உங்க தஞ்சாவூருக்குத்தான் போவுது. கொடி கட்டுன வண்டி, மறிக்க மாட்டாங்க. ஏறிக்கங்க."

பொழுது சாயும் நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் கொடியும் தோரணமுமாக அந்த வேன் நின்றது. பட்டுப்புடவைகளுக்கு நடுவிலிருந்து, தலையில் யாரோ வைத்துவிட்ட மல்லிகையோடும் கையில் தாம்பூலப் பையோடும் இறங்கினேன். அப்பா என்னைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். உள்ளே திரும்பி அம்மாவிடம், "பையன் யாருன்னு தெரியல" என்றார்.

மாப்பிள்ளையின் அத்தைதான் இறங்கிவந்து விளக்கம் சொன்னார். "பயப்படாதீங்கய்யா, சாப்பிட மட்டுந்தான் வந்துச்சு. ஆனா ஒண்ணு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாங்களே ஆறுன ரசத்த வாய மூடிக்கிட்டுக் குடிச்சோம். எங்களுக்கும் சேத்து உங்க பொண்ணுதான் கேட்டுச்சு."

அப்பா அவர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பினார். பிறகு, "வேலைக்குப் போ" என்றார். "உன்னை எங்க விட்டாலும் ஊரே கூடிக் கொண்டாந்து விட்டுரும்."

இன்றைக்கும் கல்யாண வீடுகளில் நான் மொய் மேசைப் பக்கம் நகர்ந்தால், என் தங்கை எனக்கு முன்னால் போய் நிற்கிறாள். "அக்கா வர்றாங்க, தட்டைக் கொஞ்சம் தள்ளி வைங்க."