கடைசி வரிசையில் முத்து

யாழினி, தருண், இரண்டு பேரும் கேளுங்கள். இந்த ஜொகூரில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். நாற்காலிகளுக்குப் பாடம் நடத்தி, அவற்றை அதட்டி உட்கார வைத்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நாற்காலி டீச்சர். சொந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது எங்கேயோ உண்மையான டீச்சராக இருக்கிறார், பாவம்.

நான் வாசல் காக்கும் ஜாகா வேலை பார்க்கும், சாஆ ஊர் இடைநிலைப்பள்ளிக்கு, பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சி ஆசிரியர்கள் வருவார்கள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா. சில மாதம் இருந்து பாடம் நடத்திப் பழகுவார்கள். இடையில் லெக்சரர் ஒருவர் வந்து, வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுவார். நாற்காலி டீச்சர் நாலாம் படிவ வகுப்புக்குத் தமிழ் நடத்த வந்தார். தமிழுக்குக் கிடைத்த அறை, செம்பனை மரங்களை ஒட்டிய கடைசிக் கட்டடத்தில் இருந்த பழைய மரவேலைப் பட்டறை. பகலிலேயே அங்கே பாதி இருட்டு. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஒருநாள் பள்ளி விட்டு எல்லாரும் போன பிறகு, பூட்டுவதற்காக அந்தப் பக்கம் போனேன். உள்ளே ஒரு குரல் கணீரென்று கேட்டது.

"கவிதா, ஜன்னல் பக்கம் என்ன பார்வை? முத்து, நாற்காலிய ஆட்டாத."

கிறீச், கிறீச் என்று ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதும் நின்றது.

எட்டிப் பார்த்தேன். டீச்சரைத் தவிர அறையில் ஓர் ஆள் இல்லை.

"டீச்சர், யாருகிட்ட பேசுறீங்க?"

"பிள்ளைங்ககிட்டதான் அண்ணே. நாளைக்குள்ள பாடத்த இன்னைக்கே நடத்திப் பாக்குறேன்."

"முத்துன்னு யாரும் நாலாம் படிவத்துல இல்லையே."

"இருக்கிற பிள்ளைங்களவிட ஒரு நாற்காலி கூட இருக்கு அண்ணே. அத மட்டும் எப்படிச் சும்மா விடுறது?"

ஒரு கால் குட்டையான அந்த நாற்காலி கடைசி வரிசையில் இருந்தது. நான் பார்த்ததும் மறுபடி ஒரு தடவை கிறீச் என்றது. மின்விசிறிக் காற்றாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கொஞ்சம் வேகமாகவே வெளியே வந்தேன்.

தினமும் இதே கதை. நாற்காலிகளின் முன்னால் டீச்சர் சிங்கம். கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திருப்பார், தலையாட்டுவார், சில சமயம் சிரிக்கவும் செய்வார். மறுநாள் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் குரல் தொண்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். லெக்சரர் முதல் தடவை வந்தபோது டீச்சர் வணக்கம் சொன்னார். அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் வெண்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த தடவையும் இப்படின்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான் அண்ணே," என்று வாசலில் இருக்கும் என் காவல் சாவடிக்கு வந்து சொன்னார். "டீச்சர் வேலைய மறந்துடணும்."

நாலாம் படிவப் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. டியூஷன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே குந்தி நாற்காலி வகுப்பை ஒட்டுக் கேட்டார்கள். நான் பிடித்து விரட்டினேன். கவிதா என்ற பெண் மட்டும் நகரவில்லை.

"அங்கிள், எங்களவிட அந்தச் சேருங்கதான் நல்லா படிக்குது லா," என்றாள்.

லெக்சரர் மறுபடி வந்த அன்று வானம் கறுத்துக் கிடந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் ஒருவர்கூட அசையவில்லை. கண் சிமிட்டவில்லை. டீச்சருக்கு உதவுவதாக நினைத்து எல்லாரும் நாற்காலிகளாகவே ஆகிவிட்டிருந்தார்கள். லெக்சரர் நேராகக் கடைசி வரிசைக்குப் போய் அந்தக் குட்டைக்கால் நாற்காலியில் உட்காரக் குனிந்தார்.

"சார், அங்க ஆள் இருக்கு," என்றாள் கவிதா, உதடு அசையாமல்.

லெக்சரர் நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த மர முக்காலியில் உட்கார்ந்தார்.

டீச்சர் குரல் கணீரென்று வந்தது. வெள்ளம் வந்தால் வீட்டிலிருந்து முதலில் எதை எடுப்பீர்கள் என்பதுதான் பேச்சுப் பாடம். சாஆ பிள்ளைகளுக்கு வெள்ளத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நாற்காலி எப்படிப் பதில் சொல்லும்? கேள்வி கேட்டார், சத்தம் இல்லை. இன்னொரு கேள்வி. அதற்கும் சத்தம் இல்லை. லெக்சரர் பேனாவைத் திறந்தார். டீச்சரின் குரல் இறங்கிக்கொண்டே வந்து, வெண்பலகைத் துடைப்பானைக் கை தேட ஆரம்பித்துவிட்டது.

முடிந்தது என்று நினைத்தேன்.

"முத்து, நீ சொல்லு," என்றார் டீச்சர்.

கிறீச்.

அவர் வழக்கம்போலக் காத்திருந்தார். தலையாட்டினார். "கோழியா? சரி. ஏன் கோழி?"

கவிதாவால் தாங்க முடியவில்லை.

"டீச்சர், பொய் சொல்றான். அவன் வீட்டுல கோழியே இல்ல."

"இருக்கு டீச்சர், நான் பாத்தேன்," என்று இன்னொரு குரல்.

"கோழி மரத்துல ஏறிக்கும். ரைஸ் குக்கர் ஏறுமா? அதத்தான் மொதல்ல தூக்கணும்."

"அலமாக், கரண்டே இருக்காது, குக்கர வெச்சு என்ன செய்வ?"

பிறகு அந்த அறையை அடக்க யாராலும் முடியவில்லை. ஆளுக்கு ஆள் முத்துவோடு சண்டை போட்டார்கள். டீச்சர் நடுவில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மடக்கினார், சிரித்தார், அதட்டினார். நாற்காலி எது, பிள்ளை எது என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

டீச்சர் தேறிவிட்டார். லெக்சரர் காருக்குப் போகும்போது சாவடியில் நின்று வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்.

"நல்ல வகுப்பு," என்றார். "அந்தக் கடைசிப் பையன் குரல்தான் ரொம்ப சன்னமா இருக்கு. கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லுங்க."

முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

டீச்சர் விடைபெற்றுப் போன பிறகு பள்ளி விடுமுறை. உடைந்த சாமான்களை ஏற்றிப்போக லாரி வருகிறது, எல்லாவற்றையும் வாசலில் எடுத்துப் போடு என்றார்கள். மேசைகளைப் போட்டேன், அலமாரியைப் போட்டேன். குட்டைக்கால் நாற்காலியைப் பாதி வழிவரை தூக்கிக்கொண்டு வந்து, திரும்பவும் எடுத்துப் போய்க் கடைசி வரிசையிலேயே வைத்துத் துடைத்தேன். மின்விசிறியைப் போட்டேன். கிளம்பும்போது, கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.