டென்மார்க் ஐயரின் நீளக்கோடு

கல்கத்தாவில் காரியம் எதுவும் இல்லாமல் நடப்பது என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவர் டென்மார்க் ஐயர்தான். அவருக்கு முன்னால் இந்த ஊரில் மனிதர்கள் ஆபீசுக்கு நடந்தார்கள், காளி கோயிலுக்கு நடந்தார்கள், மீன் வாங்க நடந்தார்கள், டிராமைப் பிடிக்க ஓடினார்கள். சும்மா நடந்தவன் ஒருத்தன் கிடையாது. வங்காளிகள் இதை மறுப்பார்கள். மறுக்கட்டும். நான் அவர் கூடவே நடந்தவன்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் எங்கள் மெஸ்ஸில் யாருக்கும் ஞாபகம் இல்லை. கிடர்பூர்த் துறைமுகத்தில், பிண்ணாக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. டென்மார்க் தேசத்து மாடுகள் நம் ஊர்ப் பிண்ணாக்கைத் தின்றுதான் அவ்வளவு வெண்ணெய் கொடுக்கின்றன என்பது அவர் கட்சி. அந்த மாடுகளுக்கு ஒரு தடவை பிண்ணாக்கு பிடிக்காமல் போய்விட்டது. சாம்பிள் மூட்டைகளோடு கோபன்ஹேகனுக்குப் போக வேண்டிய ஆசாமி கப்பல் புறப்படும் அன்று காய்ச்சலில் படுத்தார். துரை சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரே இவர் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவுதான். அவல், அரிசி, ஊறுகாய் ஜாடி, குமுட்டி அடுப்பு, பஞ்சபாத்திரம் சகிதமாக ஐயர் கப்பல் ஏறிவிட்டார்.

போனவர் திரும்பி வந்தார். ஆனால் சமுத்திரம் தாண்டியவர் ஆயிற்றே. அந்தக் காலத்தில் அது லேசான விஷயம் இல்லை. கிடர்பூரில் அவரோடு குடித்தனம் செய்துகொண்டிருந்த மனைவி தங்கத்தை, அவர் கப்பல் ஏறியதுமே கும்பகோணத்திலிருந்து அவள் அண்ணா வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளை முறைப்படி பிராயச்சித்தம் செய்துகொண்டால் தங்கம் திரும்பி வருவாள், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டைக் காலி செய்துவிட்டு ஐயர் பவானிப்பூரில் எங்கள் மெஸ்ஸுக்கு வந்து சேர்ந்தார். நாங்களும் சும்மா விடவில்லை. எங்கள் பந்தியில் அவருக்கு இடம் கிடையாது. நிலைப்படிக்கு அந்தப் பக்கம், தாழ்வாரத்தில் தனி இலை. அவர் அதற்குக் கொஞ்சமும் அசரவில்லை. "இங்கேதான் ஓய் காத்து வர்றது" என்று சட்டமாக உட்கார்ந்துகொண்டார். உள்ளே புழுங்கிக்கொண்டிருந்தது நாங்கள்தான்.

அந்த இலையில்தான் நான் கோபன்ஹேகனைப் பார்த்தேன். சாதத்தை நீளமாகக் குவித்து, "இது பழைய கோட்டை மதில்" என்பார். அந்தப் பக்கம் ரசத்தைத் தேங்கவிட்டு, "இது சமுத்திரம்." நடுவே விரலால் ஒரு பாதை. "இதுதான் லாங்கெலீனியெ. அவா பாஷையிலே நீளக்கோடுன்னு அர்த்தம்." சமையல்காரர் பாலக்காட்டு மணி கரண்டியோடு நின்று, சாப்பிடுகிறீரா படம் போடுகிறீரா என்று கேட்பார். சமுத்திரம் வற்றிவிட்டது, இன்னும் கொஞ்சம் விடும் என்பார் ஐயர்.

கதை இதுதான். கப்பலில் வேலை முடிந்த ஒரு சாயங்காலம், சந்தியாவந்தனம் செய்யலாம் என்று பஞ்சபாத்திரத்தை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார். அஸ்தமனம் ஆகட்டும் என்று காத்திருந்தார். ஆகவில்லை. அது அங்கே கோடை காலம். ராத்திரிச் சாப்பாட்டு வேளை வந்தது, சூரியன் போகவில்லை. நம் ஊரில் குழந்தைகள் தூங்கும் நேரம் வந்தது. சூரியன் விருந்துக்கு வந்து கிளம்ப மனசில்லாத சம்பந்தி மாதிரி அங்கேயே நின்றது. எத்தனை நேரம்தான் ஒரே இடத்தில் நிற்பது? நடந்தார். அந்தக் கோடி போனார், இந்தக் கோடி வந்தார். அப்போதுதான் கவனித்தார்: அங்கே எல்லோருமே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் எங்கேயும் போகவில்லை. ஒரு பக்கம் புல் மூடிய மதில், மரங்கள். மறுபக்கம் பாய் விரித்த படகுகள், வெள்ளையாக, துவைத்து உலர்த்தின மாதிரி. எதிர்க்கரை ஸ்வீடன் என்று சொன்னார்கள், தெரியவில்லை, நம்பினார். தண்ணீரின் மேல் வெயிலும் இல்லாத நிழலும் இல்லாத ஒரு வெளிச்சம், நெய் உறையும் நேரத்து நிறத்தில். அந்த வெளிச்சத்தை மட்டும் அவரால் இலையில் கொண்டுவர முடியவில்லை. ஒரு நாள் மோரை விட்டுப் பார்த்தார். சரிப்படவில்லை.

எதிரே கை கோத்துக்கொண்டு ஒரு கிழவரும் கிழவியும் வந்தார்களாம். கிழவர் இவரைப் பார்த்துத் தொப்பியை உயர்த்தினார். மரியாதைக்கு மரியாதை செய்ய வேண்டாமா? இவர் தலைப்பாகையைத் தூக்கினார். தலைப்பாகை தூக்குவதற்காகவா கட்டப்பட்டது? முழத்துக்கு முழம் அவிழ்ந்தது. குடுமியும் அவிழ்ந்தது. கடல்காற்று இரண்டையும் ஸ்வீடன் பக்கம் இழுத்தது. கிழவி ஓடி வந்து துணியின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு, புடவை மடிப்பதுபோல் மடித்துக் கையில் கொடுத்தாள்.

"அப்புறம்?" என்போம்.

"அப்புறம் என்ன? அவா ரெண்டு பேரும் போனா. நான் பார்த்துண்டு நின்னேன்" என்று ஆரம்பித்து, ஏதோ சொல்ல வந்தவர் சட்டென்று இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார். எத்தனை தடவை கேட்டாலும் கதை அந்த இடத்தில் நின்றுவிடும்.

வந்தவர் சும்மா இருந்தாரா? ஹூக்ளிக் கரையில் ஸ்ட்ராண்ட் சாலை இல்லையா, கப்பல் இல்லையா, தண்ணீர் இல்லையா, என்ன குறைச்சல் என்று கேட்டு எங்களைத் திரட்டினார். ஒவ்வொரு சாயங்காலமும் நடக்க வேண்டும். நிபந்தனை ஒன்றுதான். கையில் பை கூடாது. பை இருந்தால் அது காரியம். எங்களில் சேஷு என்று ஒரு கணக்கர். காரியமில்லாமல் கால் எடுத்து வைத்தால் அவருக்கு மூச்சு முட்டும்.

"எங்கே ஓய் போறோம்?"

"எங்கேயும் போகலை."

"பின்னே எதுக்குப் போறோம்?"

"பேசாம வாரும்."

சேஷு கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு பார்த்தால் வேட்டி மடியில் கத்திரிக்காய். எங்கே, எப்போது வாங்கினார் என்பது இன்று வரை ஒருவருக்கும் தெரியாது.

தலைப்பாகைக்கும் ஐயர் வழி கண்டார். கிடர்பூர்த் தையல்காரர் ஒருவரிடம் சொல்லி, மூங்கில் கூடை ஒன்றின் மேல் துணியைச் சுற்றித் தைத்து வாங்கிக்கொண்டார். பானை மூடி மாதிரி லட்சணமாகத் தூக்கலாம், வைக்கலாம். எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் தூக்கினார். முதல் நாள் ஒரு வங்காளிப் பெரியவர் பதறிப்போய், "கீ ஹோலோ தாதா?" (என்ன ஆச்சு அண்ணா?) என்று ஐயரின் கையைப் பிடித்துக்கொண்டார். தலைப்பாகையை எடுத்தால் வீட்டில் சாவு என்று நினைத்துவிட்டார். ஐயர் தனக்குத் தெரிந்த வங்காள பாஷையில் விளக்கம் சொன்னார். பெரியவர் இன்னும் உருக்கமாகத் தேற்றிவிட்டுப் போனார்.

அது சுதேசிக் கிளர்ச்சி நேரம். நாலு பேர் சேர்ந்து நின்றாலே போலீசுக்குக் கண் உறுத்தும். ஒரு கான்ஸ்டபிள் எங்களை நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று இந்தியில் கேட்டான். ஐயர் உள்ளதை உள்ளபடி, எங்கேயும் இல்லை என்றார். ராஜத்துரோகிகூட இவ்வளவு சந்தேகமான பதிலைச் சொல்லியிருக்க மாட்டான். தாணாவுக்கு, அதுதான் போலீஸ் ஸ்டேஷனுக்கு, நடத்திக்கொண்டு போனான். அங்கே தாரோகா என்கிற ஸ்டேஷன் அதிகாரியின் மேஜை மேல் மைக்கூட்டைக் கோட்டையாகவும் தண்ணீர்க் கூஜாவைச் சமுத்திரமாகவும் வைத்து ஐயர் நீளக்கோட்டை விளக்கினார். தாரோகா கூஜாவை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். கடைசியில் பெருமூச்சு விட்டு, அங்கே சூரியன் நிஜமாகவே போகாதா என்று கேட்டார். மறுநாள் சாயங்காலம் அவரும் நடக்க வந்துவிட்டார். சேஷுவுக்குத்தான் கஷ்டம். போலீஸ் முன்னால் கத்திரிக்காய் வாங்கக் கூச்சமாகிவிட்டது.

இத்தனை கூத்துக்கும் நடுவில் தங்கம் கும்பகோணத்தில் இருந்தாள். ஐயர் பிராயச்சித்தத்துக்கு மாட்டேன் என்று சொன்னவர் இல்லை. ஒரு தடவை கங்கையில் இறங்கி, பஞ்சகவ்யம் சாப்பிட்டு, எல்லாம் முறையாகத்தான் நடந்தது. சங்கல்பத்தில், தெரியாமல் செய்துவிட்டேன், போனதற்கெல்லாம் மனசார வருந்துகிறேன் என்று சொல்லும் இடம் வந்தது. ஐயர் வாயை மூடிக்கொண்டார்.

"கப்பல்லே போனதுக்கு வருத்தப்படறேன். கண்ட தண்ணியைக் குடிச்சதுக்கு வருத்தப்படறேன். அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் விட்டுடும், சாஸ்திரிகளே."

"பாவத்துக்குப் பேரம் பேசற மனுஷ்யரை இப்போதான் ஓய் பாக்கறேன்" என்று சாஸ்திரிகள் தர்ப்பையை ஆற்றில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

செய்தி கும்பகோணத்துக்கு எட்டியது. கொஞ்ச நாளில் மைத்துனர் தங்கத்தையும் அழைத்துக்கொண்டு நேரே வந்து இறங்கினார். வக்கீல். பேச்சு ரத்தினச் சுருக்கம். காலையில் பிராயச்சித்தம் நடந்தால் தங்கத்தை விட்டுவிட்டுப் போவார். நடக்காவிட்டால் சாயங்காலம் மெட்ராஸ் மெயிலில் இரண்டு பேரும் திரும்பிவிடுவார்கள். அதற்கப்புறம் வருவதாக இல்லை.

காலையில் மெஸ்ஸே படித்துறையில் கூடிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் ஐயர். படியில் சாஸ்திரிகள், பழைய கோபம் ஆறாமல். அவருக்குப் பக்கத்தில் மைத்துனர், அவருக்குப் பின்னால் தங்கம். மந்திரம் அந்த இடத்துக்கு வந்தது. ஐயர் வாயைத் திறக்கவில்லை. சணல் ஏற்றிய ஒரு படகு எங்களைத் தாண்டிப் போயிற்று. அதன் அலை ஐயரின் மார்பு வரை வந்து திரும்பியது. அப்போதும் திறக்கவில்லை. ஐயர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு வாக்கியம், சொல்லித் தொலைத்தால் என்ன?

"ஒரு வரி மாப்பிள்ளை. உங்களுக்கு அதைவிட இவ பெரிசில்லையா?" என்றார் மைத்துனர்.

ஐயரின் முகம் சுருங்கியது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

அதுவரை நாங்கள் குரலே கேட்டிராத தங்கம் ஒரு படி கீழே இறங்கினாள். "அங்கே என்னதான் பார்த்தேள்?"

ஊரெல்லாம் சொன்ன கதையைச் சொல்ல வேண்டியவளிடம் அவர் சொல்லவே இல்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு கிழவரும் கிழவியும் கை கோத்துண்டு நடந்தா. எங்கேயும் போகலை. நீ பக்கத்திலே இல்லையேன்னு நெனச்சேன். நம்ம கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படி ஒரு நாளும் நெனச்சதில்லை. அதுக்குப் போய் எப்படிடீ வருத்தப்படறது?"

சேஷு மூக்கைச் சிந்தினார். தங்கம் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சாஸ்திரிகள் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அதை விட்டுட்டு மத்ததுக்கெல்லாம் சொல்லி வையுங்கோ. எனக்குப் போறும்."

சாஸ்திரிகள் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் வக்கீல், வழக்கு எப்போது முடிந்தது என்று தெரியும். அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாஸ்திரிகள் புதுத் தர்ப்பை எடுத்தார். மந்திரத்தில் அந்த இடத்தை எப்படித் தாண்டினார் என்று எனக்குத் தெரியாது. அன்று அவருக்கு இருமல் அதிகம்.

மெயிலில் மைத்துனர் தனியாகப் போனார். அன்று சாயங்காலம் ஸ்ட்ராண்டில் ஐயர், கூடைத் தலைப்பாகையோடு. கொஞ்சம் பின்னால் தங்கம். அதற்கு வெகு பின்னால், பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நாங்கள். ஐயர் நிற்பார், அவளும் நிற்பாள். நடப்பார், நடப்பாள். பின்னால் வருவது அவளுக்குப் பழக்கம், கால் கேட்கவில்லை. எதிரே தாரோகா வந்தார். ஐயர் தலைப்பாகையைத் தூக்கினார். அதற்குள்ளிருந்து ஒரு முழம் மல்லிகைப்பூ விழுந்தது. எடுக்கக் குனிந்த தங்கம் நிமிர்ந்தபோது அவர் பக்கத்தில் இருந்தாள். அப்புறம் பின்னால் போகவில்லை.

"எங்கே போறோம்?" என்று அவள் கேட்டது காற்றில் வந்தது.

"எங்கேயும் இல்லை."

"சரி. மெதுவாவே போங்கோ."

ஹூக்ளியில் சூரியன் நேரத்துக்கு அஸ்தமனமாகிவிடுகிறது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் சில சாயங்காலங்களில் ஆற்றின் மேல் நெய் உறையும் நிறத்தில் ஒரு வெளிச்சம் வந்து, கிளம்ப மனசில்லாமல் கொஞ்சம் நிற்கிறது. அந்த நேரத்தில் யாராவது கிழத் தம்பதி எதிரே வந்தால், தொப்பியும் இல்லை, தலைப்பாகையும் இல்லை, என் கை தானாகத் தலைக்குப் போகிறது.