வாத்தியாருக்கு ஒரு நெஞ்சு

தனசேகரன் வாத்தியாருக்கு இரண்டு கண்ணும் தெரியாது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அந்தச் சான்றை வாத்தியாரே கண்ணாடி இல்லாமல் படித்தார். நம்பாமல் மறுபடியும் படித்தார்.

"கையூம் பாய், என்னய்யா இது?"

எதிரே உட்கார்ந்திருந்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அப்துல் கையூம் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சிங்கப்பூர் தேக்காவில் காப்பிக் கடை; காலை நேரத்துக் கூட்டம்.

"கோச்சுக்காதீங்க சார். நெஞ்சு, வயிறு, நாடி எல்லாம் முதல் தரம்னு எழுதியிருக்காரு. கண்ணுதான் கொஞ்சம்..."

"கொஞ்சமா? குருடுன்னு இருக்கு! குருடனுக்கு எவன் சாக்பீஸ் குடுப்பான்?"

வாத்தியார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தமிழ்ப் பள்ளியில் வேலை தயாராக இருந்தது. ஆனால் அவருக்கு முன் வந்த வாத்தியார் சேர்ந்த மூன்றாம் மாதமே படுத்துவிட, ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் பள்ளிக் கமிட்டியின் தலையில் விழுந்திருந்தது. அதிலிருந்து செயலாளர் பரமசிவம் ஒரே பிடியாக நின்றார். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் பத்திரம் வந்தால் வகுப்பு, வராவிட்டால் அடுத்த கப்பல்.

ஊரில் பார்த்த வேலையை வாத்தியார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அந்த நாற்காலியில் இப்போது அவர் மைத்துனன் உட்கார்ந்திருந்தான்.

கப்பலில் பிடித்த இருமல் இறங்கிய பிறகும் விடவில்லை. "இதோட டாக்டர் முன்னாடி நின்னீங்கன்னா உங்க வேலையும் போச்சு, என் கமிஷனும் போச்சு" என்று சொல்லி, கையூம்தான் மருதப்பனைப் பிடித்து வந்தார். மருதப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். கல்லில் அடித்த மாதிரி உடம்பு. அந்த உடம்பு வாத்தியார் பெயரில் டாக்டரிடம் போனது.

டாக்டர் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். மருதப்பன் பள்ளிக்கூடத்தின் நிழலில்கூட ஒதுங்கியதில்லை. சின்ன எழுத்துக்கும் உதட்டைப் பிதுக்கினான், பெரிய எழுத்துக்கும் உதட்டைப் பிதுக்கினான். டாக்டர் அட்டையைக் கழற்றி மூக்குக்கு நேராகப் பிடித்தார். அதற்கும் அதே உதடு. வாத்தியார் வேலைக்கு வந்தவன் எழுத்தே அறியாதவன் என்று எந்த டாக்டருக்குத் தோன்றும்?

"இன்னொரு டாக்டர்கிட்ட காட்டலாம்னு கம்பெனியில ஒத்துக்கிட்டாங்க லா" என்றார் கையூம். "அதுக்குள்ள அவனுக்கு அந்த அட்டையைச் சொல்லிக் குடுத்துடுங்க. நீங்க வாத்தியார்தானே?"

இப்படியாகச் சிங்கப்பூரில் தனசேகரனுக்கு முதல் மாணவன் கிடைத்தான். தஞ்சோங் பகாரில் கூலியாட்கள் தங்கும் கொட்டகையில், நான்கு நாள் மாலையும் பாடம் நடந்தது.

"ஈ."

"ஈ."

"எஃப், பி."

"எஃப், பி. வாத்தியாரே, இதுக்கு என்ன அர்த்தம்?"

"ஒரு அர்த்தமும் இல்ல. மனப்பாடம் பண்ணு."

"பள்ளிக்கூடத்துல இதைத்தான் சொல்லித் தர்றீங்களா? நான் போகாததே நல்லதாப் போச்சு."

மனப்பாடம் நன்றாகவே ஏறியிருந்தது. இரண்டாவது டாக்டர் அட்டையைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள், மருதப்பன் மேலிருந்து கீழ்வரை ஒப்பித்து முடித்துவிட்டான்.

நான்கே நாளில் குருடனுக்கு இப்படியொரு பார்வையா? டாக்டருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வந்துவிட்டது. நெஞ்சையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று எழுதினார்.

"அவன்கூடவே போய் அதையும் முடிச்சுட்டேன் சார்" என்றார் கையூம். "அவன் நெஞ்சு இரும்பு. நீங்க பெட்டியைப் பிரிச்சு வேட்டியை எடுத்துத் தேய்ச்சு வைங்க."

புதன்கிழமை படம் வந்தது. கையூம் அதைக் காப்பிக் கடை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெகு நேரம் இறக்கவில்லை.

"வலது பக்கம் ஓட்டை. இடது பக்கம் அதைவிட மோசம். டீபி, முத்திப்போச்சுன்னு எழுதியிருக்காங்க."

"யாருக்கு?"

"பேரு உங்க பேருதான்."

"நெஞ்சு என்னுது இல்லையே பாய்!"

"மெதுவாப் பேசுங்க. வெளிய தெரிஞ்சா ஆள்மாறாட்டம். மூணு பேரும் உள்ள போக வேண்டியதுதான்."

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து பள்ளிக்கும் தகவல் போயிருந்தது. செயலாளர் பரமசிவம் வாத்தியாரைப் பள்ளி வாசலிலேயே நிறுத்தினார். மூக்கில் கைக்குட்டை.

"அங்கயே நில்லுங்க! சனிக்கிழமை கப்பல். டிக்கெட்டைப் படியில வெச்சிருக்கேன். நான் உள்ள போனப்புறம் எடுத்துக்குங்க."

"ஐயா, எனக்கு இருமலே நின்னுபோச்சுங்க!"

"நிக்கும். கடைசியில நிக்குமாம்."

இருமல் நிஜமாகவே நின்றிருந்தது. நின்று ஐந்து நாளாகியிருந்தது. தன் நெஞ்சைத் தானே கொண்டுபோய்க் காட்டியிருந்தால் இந்நேரம் வகுப்பில் இருந்திருப்பார். இனி ஊரிலும் வேலை இல்லை, இங்கேயும் இல்லை. உண்மையைச் சொன்னால் ஜெயில், சொல்லாவிட்டால் காசநோய்க்காரன். டிக்கெட்டோடு சாக்கடை ஓரத்துத் திட்டில் உட்கார்ந்தார். மனைவி பூவம்மாவுக்கு என்ன எழுதுவது என்று யோசித்துப் பார்த்தார். ஒரு வரியும் வரவில்லை.

கையூம் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாய், மருதப்பனுக்கு யாரு சொல்றது?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? நாளைக்கும் மூட்டைதானே தூக்கப் போறான்."

"தூக்கித் தூக்கியே செத்துப்போவான்யா. எழுந்திரிங்க. ரெண்டு பேருமாத்தான் அவனை இதுல இழுத்துவிட்டோம்."

துறைமுகக் கிடங்கில் மருதப்பன் லாரியிலிருந்து அரிசி இறக்கிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"என்ன வாத்தியாரே, பாஸா?"

கையூம் அவன் தோளில் கை வைத்தார். பாலிசி விற்கும்போது வரும் அதே கனிந்த குரலில் ஆரம்பித்தார்.

"மருது, மனசைத் திடப்படுத்திக்கப்பா. உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியுது? எக்ஸ்ரே படத்துல நெஞ்சு ரெண்டு பக்கமும் போயிருச்சு. ஆறு மாசம் தாண்டினா அதிகம். வீட்டுக்கு எழுதிப் போட்டுடு."

வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருதப்பன் கையூமை மேலும் கீழும் பார்த்தான். பிறகு அரிசி மூட்டையை இழுத்து அவர் காலடியில் போட்டான்.

"மொதல்ல நீங்க இதுல உட்காருங்க பாய்" என்றான் மெதுவாக. "நீங்க கையெழுத்துப் போட வெளிய போனதுமே வேலை முடிஞ்சுதுன்னு என்னை அனுப்பிட்டாங்க. நான் எங்க அந்த மிஷின்ல நின்னேன்? நான் பயந்து கதவோரமா நிக்க, 'இப்படி நெஞ்சை ஒட்டி நிக்கணும்டா, கடிக்கவா செய்யுது'ன்னு சட்டையைக் கழட்டிட்டு நீங்க நின்னு காட்டினீங்களே, அந்த ஒரு படம்தான் புடிச்சாங்க."