கடைசிப் பத்து நிமிஷம்

இந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியை அழ வைத்தே தீருவது என்று சர்வேயர் சபதம் எடுத்திருந்தார். பயப்பட வேண்டாம், ஒரு சினிமா காட்டித்தான்.

விஷயம் இதுதான். அவருடைய அண்ணன் வீட்டை இடித்துக் கட்டுகிறார். மூன்று மாதம் எங்கே போய்த் தங்குவது என்று போனில் புலம்பினார். நம்மவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "முன்னறை சும்மாதானே கிடக்கு, அண்ணியோட வந்துடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டார். அந்தச் சும்மா கிடக்கிற அறையில் இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேசை, கொக்கி கொக்கியாகத் தொங்குகிற சட்டைகள், நடுவே அவருடைய மனைவி. தெருவே டெய்லரம்மா என்று கூப்பிடுகிற அந்தப் பெண்மணிக்கு அதுதான் கடை, அதுதான் ராஜ்ஜியம். வரைபடச் சுருளும் சாய்வு நாற்காலியுமாகச் சர்வேயருக்குப் பின்னறை தனி. ஊரார் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளக்கிற மனுஷருக்குத் தன் வீட்டுக்குள் யார் எல்லை எதுவரை என்று மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது? கேட்டால், "நம்ம வீடுதானே" என்பார்கள். கொடுக்கிறபோது மட்டும் எல்லாம் நம்முடையது.

சொல்லத் தைரியம் இல்லை. அதனால் சினிமா.

கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து பார்த்த கறுப்பு வெள்ளைப் படம். மூன்றே நாள் ஓடியது. கொட்டகையில் இவர்களோடு சேர்த்து ஏழு பேர். மேலே ஒரு மின்விசிறி, சுற்றியதைவிட முனகியதுதான் அதிகம். வெள்ளத்தில் வீடிழந்த ஒரு குடும்பத்துக்கு, மனைவி உழைத்துக் கட்டிய வீட்டை அவளிடம் கேட்காமலே தருவதாக வாக்குக் கொடுத்துவிடுகிற ஒரு தோணிக்காரனின் கதை. அவன் செய்தது தர்மமா, துரோகமா? இருபத்தாறு வருஷமாக, வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து சர்வேயர் தர்மம்தான் என்று தீர்ப்புச் சொல்லி வருகிறார்.

"எவனோ ஒரு புண்ணியவான் அந்தப் படத்தை நெட்ல ஏத்தியிருக்கான்மா!"

"எது, தோணிக்காரர் படமா?" டெய்லரம்மா பல்லில் கடித்திருந்த நூலை விட்டார்.

"அதேதான். மறக்க முடியுமா? அந்தப் பொம்பளை விளக்கோட வாசல்ல நிக்கிறா. குழந்தைங்க மழையில நனையுது. ஒரு வார்த்தை பேசாம ஒதுங்கி வழி விடறா பாரு! அதாம்மா மனுஷத்தன்மை! எந்தப் பேப்பர்லயாவது ஒரு வரி எழுதினானா? பாவிப் பசங்க."

"போடுங்களேன், பார்ப்போம்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதற்கே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

படம் ஓடியது. கோடு கோடாக ஒரே கீறல். ஆனாலும் அந்தத் தோணிக்காரனின் முகம் அப்படியே இருந்தது. வாக்கைக் காப்பாற்றவும் முடியாமல், மனைவியை நிமிர்ந்து பார்க்கவும் முடியாமல் அவன் துடுப்பையே துடைத்துக்கொண்டிருக்கிற இடத்தில் இருவருமே திரைப் பக்கம் சாய்ந்தார்கள். எப்போது தோள் உரசியது என்று யாருக்கும் தெரியாது.

"அன்னிக்கு நீ பச்சைப் புடவை கட்டியிருந்தே."

"ஊதா. பாருங்க, வாசல் வந்துடுச்சு."

விளக்கோடு வந்தாள். பார்த்தாள். ஒதுங்கினாள். சர்வேயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இதுதாம்மா. அதாவது, நம்ம அண்ணனும் இப்ப..."

"உஷ். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"என்ன பத்து நிமிஷம்? முடிஞ்சிடுச்சே!"

"உங்களுக்கு. கடைசி பஸ் போயிடும்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு ஓடுனீங்களே."

திரையில் குழந்தைகள் உள்ளே போனார்கள். தாயும் தகப்பனும் போனார்கள். தோணிக்காரன் பின்னாலேயே கால் எடுத்து வைத்தான். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் சர்வேயருக்கே உறைத்தது. மீதி நேரம் முழுக்க அவன் மழையில் நின்றான்.

"நீ... எப்போ பார்த்தே?"

"மறுநாள் மத்தியானம், பக்கத்து வீட்டு அக்காவோட. மொத்தமே நாங்க ரெண்டு பேர்தான். டிக்கெட் கிழிக்கிறவரும் உள்ள வந்து உட்கார்ந்து அழுதாரு." டெய்லரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அழுதிருந்தார். "என்ன படங்க அது! கேட்டிருந்தா அவளே தூக்கிக் குடுத்திருப்பா. யாரும் கேக்கலியே."

"இத்தனை வருஷம் நான் சொல்லிட்டிருந்தேனே, ஒரு தடவையாவது..."

"அவ்வளவு ஆசையா சொல்வீங்க. கெடுக்க மனசு வரல."

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. "அப்போ... இப்ப கேக்கறேன்மா. அண்ணனும் அண்ணியும் மூணு மாசம் இங்க தங்கிக்கட்டுமா?"

"தாராளமா. அண்ணி செவ்வாய்க்கிழமையே போன் பண்ணி, 'உனக்குச் சம்மதமாம்மா'ன்னு என்னைக் கேட்டுட்டாங்க. சரின்னுட்டேன்."

சர்வேயருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நீ தங்கம்தாம்மா! அப்போ மெஷினையெல்லாம் எங்க தூக்கி வைக்கட்டும்?"

"மெஷினை எதுக்குத் தூக்கணும்? நாளைக்குக் காலையில உங்க ரூமுக்குத்தான் கட்டில் வருது."