ஒரு ‘வொய் நாட்’டுக்குப் போன அறை

சனிக்கிழமை மதியம் என் கனவுக்குள் ஒருவர் ஏணி போட்டு ஏறினார். நான் அப்போது ஒரு மேகத்தில் சாய்ந்திருந்தேன். மேகத்துக்கு எதற்கு ஏணி என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மூக்கில் மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்தது. கண்ணைத் திறந்தேன்.

“சார், நாற்காலியை நகத்தணும். இல்லைன்னா சுவரோட சேத்து உங்களுக்கும் ரெண்டு கோட்டிங் விழும்,” என்றார் பெயின்டர்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன் நான். நாள் முழுக்க ஊருக்கு எல்லாவற்றையும் தெளிவாகத் தெரியவைக்கிறேன். அதனால் வீட்டுக்கு வந்தபின் எனக்கு எதுவும் தெளிவாகத் தெரியக் கூடாது. அதற்காகவே இருந்தது அந்த அறை. எட்டடிக்கு ஒன்பதடி. மேற்கே ஒரு ஜன்னல், அதன் கீழே ஒரு சாய்வு நாற்காலி. நாலரை மணி வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, தரையில் கொஞ்சம் தயங்கி, என் பாதத்தில் ஏறும். முட்டிக்கு வரும்போது நான் பாதிதான் இருப்பேன். மார்புக்கு வரும்போது இருக்கவே மாட்டேன். துடுப்பில்லாத படகு ஒன்று என்னை எங்கேயோ கொண்டுபோய்க்கொண்டிருக்கும்.

அந்த அறைக்குத்தான் மஞ்சள் அடிக்கிறார்கள்!

சமையலறைக்கு ஓடினேன்.

“யாரைக் கேட்டு அந்த ரூமுக்கு பெயின்ட்?”

“உங்களைக் கேட்டுத்தான்,” என்றாள் என் மனைவி, திரும்பாமல்.

“எப்போ?”

“போன செவ்வாய்க்கிழமை. அந்த ரூம்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் ஆரம்பிக்கலாமான்னு கேட்டேன். ‘வொய் நாட்’னீங்க.”

“அதுலயே ‘நாட்’ இருக்கே! இல்லைன்னுதானே அர்த்தம்?”

“மஞ்சள் அடிக்கலாமான்னேன். ‘ஷூர்’னீங்க. உங்களுக்குக் கஷ்டமா இருக்காதேன்னேன். ‘நோ ப்ராப்ளம்’னீங்க. மூணுக்கு மூணு.”

என்னால் மறுக்க முடியவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக என்னைக் காப்பாற்றி வந்த வார்த்தைகள் அவை. கேள்வி வந்தால் ‘ஷூர்’. யோசனை வந்தால் ‘வொய் நாட்’. புகார் வந்தால் ‘நோ ப்ராப்ளம்’. வேலை வந்தால் ‘லெட்ஸ் சீ’. எதற்கும் காது கொடுக்கத் தேவையில்லை. வாய் தானாக வாசலில் நின்று பதில் சொல்லி அனுப்பிவிடும், நான் உள்ளே படகில் இருக்கலாம். இப்படி ஒருநாள் அந்த வாயே வீட்டை எழுதிக் கொடுத்துவிடும் என்று நான் கண்டேனா?

அவளுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடத்தத் தகுதி இருக்கிறதா என்றால், இருக்கிறது. பல் டாக்டர் கிளினிக்கில் போன் எடுக்கிறவள். வலியில் துடிக்கிறவர்களை ‘ப்ளீஸ் ஹோல்ட்’ என்ற இரண்டே வார்த்தையில் அரைமணி நேரம் நிற்கவைக்கக் கூடியவள்.

நேருக்கு நேர் மோதினால் ஜெயிக்க முடியாது. அதனால் ஒரு சதித்திட்டம் தீட்டினேன். நானும் மாணவனாக உட்கார்வது. விளக்கவே முடியாத இங்கிலீஷாகக் கேட்பது. டீச்சர் திணறுவாள். மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இரண்டே வாரத்தில் வகுப்பு கலைந்துவிடும். கடையில் லென்ஸ் தேய்க்கிற நேரமெல்லாம் யோசித்து, ஒரு சின்ன நோட்டில் பதினேழு கேள்விகள் எழுதினேன். அந்த வாரம் இரண்டு பேருக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். மஞ்சள் சுவரில் மாலை வெயில் பட்டு, அறையே தேனுக்குள் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. எனக்கே கொஞ்சம் மயக்கமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

முதலில் தெருமுனை இஸ்திரிக்காரர் எழுந்தார்.

“டீச்சர், துணி போட வர்றவங்க எல்லாம் ‘நோ ஹர்ரி’ன்றாங்க. சரின்னு மெதுவா தேய்ச்சா, அரைமணியில வந்து முறைக்கிறாங்க.”

“‘நோ ஹர்ரி’ன்னா, ‘இன்னுமா முடியலை’ன்னு அர்த்தம். உடனே தேய்ச்சு வச்சிடுங்க,” என்றாள் என் மனைவி.

“அப்போ நிஜமாவே அவசரம் இல்லைன்னா என்ன சொல்லுவாங்க?”

“ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. துணியை மறந்துடுவாங்க.”

இஸ்திரிக்காரர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எனக்குப் பகீர் என்றது. பாடம் நன்றாக நடக்கிறதே!

நான் கை தூக்கினேன். “டீச்சர், ‘லாங் டைம் நோ சீ’ன்றாங்களே, இதுல இலக்கணம் எங்கே இருக்கு?”

“ரொம்ப நாள் பாக்காதவரைப் பாத்த சந்தோஷத்துல இலக்கணத்துக்கு ஏது இடம்? அடுத்து?”

கைதட்டினார்கள். விடவில்லை நான். “‘கால் இட் அ டே’ன்னா? ‘அதைப் பகல்னு கூப்பிடு’ன்னா?”

“‘இன்னைக்கு இத்தோட கடையைச் சாத்துங்க’ன்னு அர்த்தம். உங்களைப் பாத்தா அடிக்கடி சொல்லத் தோணுது.”

“‘கேட்ச் யூ லேட்டர்’?”

“அதை வீட்டுக்கு வந்து விளக்குறேன்.”

“இது வீடுதானே?”

“அதான் சொல்றேன். இவங்கல்லாம் கிளம்பட்டும்.”

அறை குலுங்கச் சிரித்தார்கள். என் நோட்டைப் புரட்டினேன். இன்னும் பதினாலு கேள்விகள் இருந்தன. அடுத்ததைக் கேட்க வாயெடுத்தபோதுதான் ஜன்னலோரம் இருந்த நர்ஸம்மா மெதுவாகக் கை தூக்கினார். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் கட்டடத்திலேயே, மாடியில் தனியாக இருக்கிறார்.

“எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான்மா தெரியணும்,” என்றார். “பையன் வெளியூர்ல இருக்கான். தினமும் போன் பண்றான், குறை சொல்ல முடியாது. ரெண்டு நிமிஷம் பேசுவான். ‘டேக் கேர்மா’ம்பான். வச்சிடுவான். நாலு வார்டை ஒத்தை ஆளா பாத்துக்கிட்டவ நான். என்னையே பாத்துக்கோன்றான். அதுக்கு என்னம்மா பதில் சொல்லணும்? யோசிக்கிறதுக்குள்ள லைன் கட்டாயிடுது.”

யாரும் சிரிக்கவில்லை. முதன்முறையாக டீச்சர் திணறினாள். நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கணம் அதுதான். ஆனால் எனக்கு ஏனோ நோட்டை மூடத்தான் தோன்றியது.

வெயில் அந்த அம்மாவின் மடியில் கிடந்தது. காதில் போனை வைத்தபடி, கட்டான லைனைக் கேட்டுக்கொண்டு அவர் நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. தூரத்தில் அந்தப் பையன். அவன் ஏறிக்கொள்கிற படகு. அவனை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அதே படகில் பதினோரு வருஷம் போனவன்.

“அதுக்குப் பதில் இங்கிலீஷ்ல இல்லைங்கம்மா,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “‘டேக் கேர்’னா கதவைச் சத்தமில்லாம சாத்துறது. அவன் சாத்துறதுக்கு முன்னாடி நீங்க காலைக் குறுக்க வைங்க. ‘டேய், இன்னும் கொஞ்சம் பேசு’ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்.”

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். அப்புறம் பென்சிலை எச்சில் தொட்டு, நோட்டில் அதைத் தமிழிலேயே எழுதிக்கொண்டார். என் மனைவியும் என்னைப் பார்த்தாள். கடைசியாக இப்படிப் பார்த்தது கல்யாணத்தன்று.

இந்த நல்ல காரியத்தின் பலன் மறுவாரமே தெரிந்தது. அந்தப் பையன் நாற்பது நிமிஷம் பேசினானாம். நர்ஸம்மா கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டார். வகுப்புக்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள். என் நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவுக்கு வெளியே, செருப்புகளுக்கு நடுவில் நின்று பாடம் கேட்டேன். வகுப்பைக் கலைக்கப் போனவன் ஆள் சேர்த்துக் கொடுத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போனபின் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சதி வேண்டாம், தந்திரம் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன்.

“இங்க பாரு,” என்றேன். “எனக்கு அந்த ரூம் வேணும். அங்க உக்காந்தாதான் எனக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கு. அன்னைக்கு நீ கேட்டப்போ நான் காதுல வாங்கவே இல்லை. தப்புதான். மன்னிச்சிடு.”

அவள் கையிலிருந்த நோட்டுகளைக் கீழே வைத்தாள்.

“பதினோரு வருஷத்துல ‘சாரி’ன்னு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லியிருக்கீங்க. மன்னிச்சிடுன்னு இப்போதான் சொல்றீங்க.”

“ஆமாம்.”

“இதை இப்படிச் சொன்னா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்? எடுத்துக்குங்க.”

நம்ப முடியவில்லை. “அப்போ கிளாஸு?”

“ஹால்ல வச்சுக்கிறேன். ஆள் கூடிப்போச்சு, எப்படியும் அந்த ரூம் பத்தாது.”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலமும் ரூம் எனக்குத்தானே?”

“முழுக்க உங்களுக்குத்தான். உள்ள யார் இருந்தாலும் நீங்கதான் ராஜா. ஆனா அந்த ரூம் உங்க பொறுப்பு. சரியா?”

“என் பொறுப்பு.”

“அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

“தமிழ்ல சொல்லிட்டேன். மாற மாட்டேன்.”

அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். நான் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன். லென்ஸ்கள் எல்லாம் தாமாகவே சரியான பக்கத்தில் பொருந்தின.

இதோ, ஞாயிற்றுக்கிழமை. நாலரை மணி. ஹாலில் இருபத்துநாலு பேர் ஒரே குரலில் ‘நைஸ் டு மீட் யூ’ என்கிறார்கள். கதவைச் சாத்தினால் அது தூரத்துக் கடலாகக் கேட்கிறது. மஞ்சள் நிறம்கூடப் பரவாயில்லை. வெயில் முட்டிக்கு வந்துவிட்டது. படகு அசைகிறது. கரை நழுவுகிறது.

கதவு திறந்தது. என் மனைவியின் தலை தெரிந்தது. அவள் இடுப்புக்குக் கீழே நிறையத் தலைகள் தெரிந்தன.

“இவங்க அம்மா அப்பால்லாம் ஹால்ல படிக்கிறாங்க, கிளாஸ் முடியற வரைக்கும் இவங்க இங்கதான். மொத்தம் ஒன்பது பேர்,” என்றாள். “அந்தச் சிவப்புச் சட்டைக்குக் கடிக்கிற பழக்கம் உண்டாம், காலை மட்டும் மேல தூக்கி வச்சுக்குங்க.”